கொத்தமல்லி: கொத்து + மல்லி தானா? தனியா எங்கிருந்து வந்தது?

ஏட்டுச்சுவடி (கேள்வி)

வணக்கம். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சேர்த்த சமையல் குறிப்புகளை ஒரே நூலாகத் தொகுக்கும் வேலை நடக்கிறது. நூலின் கடைசியில் பொருட்பெயர் அடைவு ஒன்று வரும். அதில் ஒரே செடி கொத்தமல்லி, கொத்துமல்லி, மல்லி, தனியா என்று நான்கு பெயரில் நிற்கிறது. சில குறிப்புகளில் விதையா தழையா என்பதே தெரியவில்லை. "மல்லி ஒரு கைப்பிடி" என்று மட்டும் இருக்கிறது.

கேட்க வேண்டியவை இவை. கொத்துக் கொத்தாக வளர்வதால் கொத்து + மல்லி என்று பலர் விளக்குகிறார்கள், அது சரியா? மல்லிகைப்பூவுக்கும் இந்த மல்லிக்கும் உறவு உண்டா? தனியா தமிழ்ச் சொல்லா? அடைவில் எது முதன்மைப் பெயராக இருக்க வேண்டும், கொத்தமல்லியா கொத்துமல்லியா? சொல்லறிந்தவர்களும் செடியறிந்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

வேர்ச்சொல் நாட்டம்

கொத்து + மல்லி என்ற பிரிப்பு நிற்காது. ஒரு சொல்லை உடைத்துப் பொருள் சொல்வதற்கு முன், அக்கம்பக்கத்து மொழிகளில் அதே பொருளுக்கு என்ன பெயர் என்று வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். இங்கே அந்த வரிசையே பாதி விடையைச் சொல்லிவிடும்.

கன்னடத்திலும் துளுவிலும் கொத்தம்பரி. தெலுங்கில் கொத்திமீர, கொத்திமிரி. மராட்டியில் கோதிம்பீர், குஜராத்தியில் கோத்மீர். மலையாளத்தில் கொத்தமல்லியும் உண்டு, கொத்தம்பாலரியும் உண்டு. சிங்களத்தில் கொத்தமல்லி. மலாயில் கெதும்பார். வடமொழியில் குஸ்தும்புரு, குஸ்தும்பரி.

தலைப்பகுதி எல்லா இடத்திலும் ஒன்றுதான். வால்பகுதிதான் மாறுகிறது: ‑ம்பரி, ‑மிரி, ‑ம்பீர், ‑மீர், ‑மல்லி. மல்லி என்ற வால் தமிழிலும், மலையாளத்திலும், தமிழிலிருந்து பெற்ற சிங்களத்திலும் மட்டுமே இருக்கிறது. சொல் உண்மையில் கொத்து, மல்லி என்ற இரண்டு தமிழ்ச் சொற்களின் சேர்க்கை என்றால், கன்னடமும் மராட்டியும் மல்லியைத் தொலைத்துவிட்டு ‑ம்பரி என்பதை எங்கிருந்து பெற்றன என்பதற்கு விடை கிடையாது. மறுபக்கமாக வந்தால் எல்லாமே ஒழுங்காக விளங்குகிறது.

ஒலிமாற்றத்தைப் படிப்படியாகப் பாருங்கள். வடமொழி ஸ்த், பாகதத்தில் (பிராகிருத மொழிகளில்) த்த் ஆகும். அதற்கு முன் நிற்கும் உகரம் பல சொற்களில் ஒகரமாகும். புஸ்தக என்பது பாலியில் பொத்தக ஆனது, தமிழில் பொத்தகம் என்ற வடிவமும் வழங்கியது. அதே தடத்தில் குஸ்தும்பரி, கொத்தும்பரி ஆகிறது. கன்னடம் கிட்டத்தட்ட அந்த நிலையிலேயே நின்றுவிட்டது. அடுத்த படி, ம்ப என்பதில் பகரம் தேய்ந்து ம மட்டும் மிஞ்சுவது. மராட்டி கோதிம்பீருக்கும் குஜராத்தி கோத்மீருக்கும் உள்ள வேறுபாடு அதுதான். கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் உள்ள வேறுபாடும் அதுவே. தமிழில் கொத்தமரி, கொத்துமரி போன்ற ஒன்று இருந்திருக்க வேண்டும். 'மரி' என்பதற்கு இந்த இடத்தில் பொருளில்லை. பொருளற்ற வால், பக்கத்தில் நன்கு தெரிந்த மணமுள்ள பெயரான மல்லியைப் பற்றிக்கொண்டது. இந்தக் கடைசிப் படி என் துணிபு. முந்தைய படிகளுக்கு அண்டை மொழிகளே சான்று.

மலையாளத்தின் கொத்தம்பாலரியைக் கவனியுங்கள், இதைவிட நல்ல சாட்சி இல்லை. அங்கேயும் வால் பொருளற்றுப் போனபோது, மக்கள் அதில் 'அரி'யைக் கேட்டார்கள். அரிசி என்ற பொருளில் வரும் அரி. தமிழர் காதில் பூ விழுந்தது, மலையாளிகள் காதில் தானியம் விழுந்தது. இரண்டும் ஒரே வேலைதான்.

மல்லிகையோடு உள்ள உறவு பெயரளவில் அவ்வளவுதான். மல்லிகை வடமொழி மல்லிகாவோடு சேர்ந்த சொல், செடி முல்லைக் குடும்பம். கொத்தமல்லி சீரகம், சோம்பு, ஓமம், கேரட் ஆகியவற்றின் குடும்பம்.

கொத்தமல்லியா கொத்துமல்லியா என்பதில் இரண்டுமே பழைய வழக்கு, இரண்டும் பிழையல்ல. 'கொத்து' என்ற பொருளைக் காட்டுவதற்காக ஒருவர் கொத்துமல்லியைச் 'சரியான வடிவம்' என்று வற்புறுத்தினால் அதற்கு அடிப்படை இல்லை. இன்றைய பெருவழக்கு கொத்தமல்லி. அதையே முதன்மைப் பெயராக வைத்து, கொத்துமல்லிக்கு 'காண்க' போட்டுவிடுங்கள்.

---

கரிசல் உழவு

செடியின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கொத்துக் கொத்தாக வளர்கிறது என்பதே செடியைக் கடையில் மட்டும் பார்ப்பதால் வரும் எண்ணம். கட்டாகக் கட்டி விற்பதால் கொத்து. நிலத்தில் அது ஒற்றைத் தண்டும் ஆணிவேரும் உள்ள செடி. அடியிலைகள் அகலமாக விசிறி போல இருக்கும். பூக்கும் நேரத்தில் மேலே வரும் இலைகள் நூலாகப் பிரிந்துவிடும். பூ வந்தபின் ஒரே காம்பின் நுனியிலிருந்து பல கம்பிகள் விரிந்து, ஒவ்வொன்றின் முனையிலும் குட்டிக் குட்டியாகப் பூக்கள் நிற்கும். அது குடை வடிவம். இந்தக் குடும்பத்துக்குத் தாவரவியலார் முன்பு வைத்திருந்த பெயருக்கும் 'குடை தாங்கி' என்றுதான் பொருள்.

விருதுநகர், தூத்துக்குடி மாவட்டக் கரிசலில் மானாவாரியாகப் போடும்போது பயிரின் பெயரே மல்லிதான். "இந்த வருசம் மல்லி போட்டிருக்கு" என்றால் யாரும் பூ என்று நினைக்க மாட்டார்கள். விதை வேண்டும் என்பதற்காகப் போடும் பயிர் அது. தழைக்குப் போடுவது தோட்டப் பயிர், தண்ணீர் பாய்ச்சி 40 நாளில் பிடுங்குவது. இரண்டும் ஒரே இனச் செடி என்றாலும் பருவம், விதையளவு, அறுவடை எல்லாம் வேறு.

சித்த மருத்துவ நூல்வழக்கில் இதற்கு உருளரிசி என்றும் ஒரு பெயர் உண்டு. விதையைப் பார்த்து வைத்த பெயர், உருண்டையான அரிசி. மேலே சொன்ன மலையாள 'அரி'யோடு இது சேர்ந்து போகிறது. அந்த உருண்டையைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்வது நல்லது. நாம் விதை என்று சொல்வது உண்மையில் கனி. இரண்டு அரைக்கோளங்கள் ஒட்டி ஓர் உருண்டை, ஒவ்வொரு பாதியிலும் ஒரு விதை. சீரகத்திலும் இப்படி இரண்டு பாதி உண்டு, ஆனால் அது முற்றியதும் எளிதில் பிரியும். கொத்தமல்லி பிரியாமல் ஒட்டியே நிற்பதால்தான் உருளையாக இருக்கிறது.

விதைக்கும்போது சிக்கல் இங்கேதான் வருகிறது. உருண்டையை அப்படியே போட்டால் ஓடு தண்ணீரை மெதுவாகத்தான் உள்ளே விடும். முளைப்பு தாமதமாகி, முன்னும் பின்னுமாக வரும். ஒரு பலகையில் பரப்பி, மேலே இன்னொரு பலகையையோ செருப்படியையோ வைத்து லேசாகத் தேய்த்தால் இரண்டாகப் பிரியும். சப்பாத்திக் கட்டையை உருட்டினாலும் போதும். அழுத்தினால் நொறுங்கும். உள்ளே இருக்கும் பருப்பு உடைந்தால் அது முளைக்காது, பூஞ்சைதான் பிடிக்கும். பிரித்த பாதிகளை 12 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் ஈரம் ஒட்டாத அளவுக்கு உலர்த்தி விதைக்கலாம். ஆழம் 1 செ.மீ. போதும். முளைக்க 8 முதல் 15 நாள் ஆகும். பத்தாம் நாள் பார்த்துவிட்டு 'விதை கெட்டது' என்று கிளறிவிடுவது பலர் செய்யும் தவறு.

மானாவாரிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை, லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்த நீரில் விதையை 16 மணி நேரம் ஊறவைத்துக் கடினப்படுத்துவது. விதையளவு இறவையில் எக்டேருக்கு 10 முதல் 12 கிலோ, மானாவாரியில் 20 முதல் 25 கிலோ. மானாவாரியில் இரட்டிப்பாவதற்குக் காரணம், மண்ணின் ஈரம் சீராக இல்லாமல் முளைப்பில் பாதி போய்விடும் என்பது.

மளிகைக்கடைத் தனியாவை விதைக்கலாமா என்று கேட்பார்கள். விதைக்கலாம், ஆனால் சோதித்துவிட்டு. 20 பாதிகளை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். பன்னிரண்டு நாளில் பத்துக்குக் குறைவாக முளை விட்டால் பழைய விதை. ஆழ்ந்த பழுப்பாக இருப்பதைவிட, சற்றே பச்சை சாயல் படிந்த வைக்கோல் நிறத்தில் இருப்பது புது மகசூல். தொட்டியில் முளைத்ததைப் பிடுங்கி வேறு இடத்தில் நடாதீர்கள், ஆணிவேர் அறுந்தால் செடி தழைவதை விட்டுவிட்டுப் பூவுக்குப் போகும். வெயிலும் அதையே செய்யும். சித்திரையில் போட்ட கொத்தமல்லி நாலு இலை விட்டதும் தண்டு நீட்டுவது உரக்குறை அல்ல, வெப்பம்.

இன்னொன்று, பெயர்க் கதைக்குப் பயன்படும் என்று சொல்கிறேன். காய் பச்சையாக இருக்கும்போது நசுக்கினால் மூட்டைப்பூச்சி நாற்றம் அடிக்கும். முற்றி வைக்கோல் நிறம் வந்தபின்தான் தனியாவின் இனிய மணம். பச்சைக் காய் அதிகம் இருக்கும்போது அறுத்தால் காய்ந்தபின்னும் அந்த வாடை முழுக்கப் போகாது, மணியும் சுருங்கும். முற்ற முற்ற விட்டால் மணி உதிரும், நிறம் மங்கும். காய்கள் பெரும்பாலும் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறும் நேரத்தில், பனி ஈரம் இருக்கும் காலை வேளையில் அறுத்து, நிழலில் உலர்த்தித் தட்டுவது வழக்கம்.

---

வேர்ச்சொல் நாட்டம்

கரிசல் உழவு ஐயா சொன்ன இரண்டு செய்திகளும் சொல்லாராய்ச்சிக்கு நேராகப் பொருந்துகின்றன.

குடை வடிவம்: அமரகோசம் என்ற வடமொழி நிகண்டில் இந்தச் செடிக்கு வரும் பெயர்களில் முதலாவது சத்ரா, பிறகு விதுன்னகம், குஸ்தும்புரு, தான்யாகம். சத்ரம் என்றால் குடை. செடியைப் பூவில் பார்த்தவர் வைத்த பெயர் அது. தான்யாகம் விதையைப் பார்த்து வைத்த பெயர்.

தனியாவின் மூலம் இந்தத் தான்யாகந்தான். தான்ய என்றால் தானியம். தான்யாக என்பது இந்தி, உருதுவில் தனியா ஆனது, தெலுங்கில் விதையைத் தனியாலு என்பார்கள். மராட்டியில் அது தணே என்று ஒலிக்கும். ஆகவே தமிழுக்கு வந்த வடிவம் மராட்டியைவிட உருது, தெலுங்குப் பக்கத்துக்கே நெருக்கம். சென்னையிலும் வடமாவட்டங்களிலும் தனியா வேரூன்றியிருப்பதும் அதற்கு ஒத்துப்போகிறது. 'தனி' என்ற தமிழ்ச் சொல்லோடு இணைத்துச் சொல்லும் விளக்கங்களைக் கைவிட்டுவிடலாம். நம் 'தானியம்' என்ற சொல்தான் தனியாவின் நெருங்கிய உறவு. உருளரிசி, கொத்தம்பாலரி, தான்யாகம் ஆகிய மூன்றிலும் அந்த உருண்டை மணி தானியமாகவே பார்க்கப்பட்டிருக்கிறது.

மூட்டைப்பூச்சி: கிரேக்கத்தில் கொத்தமல்லிக்குக் கொரியன்னோன் என்று பெயர். ஆங்கிலக் 'கொரியாண்டர்', ஸ்பானியச் 'சிலாந்த்ரோ' எல்லாம் இலத்தீன் வழியாக அதிலிருந்து வந்தவை. கிரேக்கத்தில் கொரிஸ் என்றால் மூட்டைப்பூச்சி. பச்சைக் காயின் நாற்றத்தால் பூச்சியின் பெயரிட்டார்கள் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. நாற்றம் உண்மை, பெயர்க்காரணம் ஐயத்துக்குரியது. 1952இல் லீனியர் பி என்ற பழங்கிரேக்க எழுத்துமுறை படிக்கப்பட்டபின், கிரேக்க நாட்டின் நோசஸ், பைலோஸ் முதலிய இடங்களின் களிமண் பலகைகளில் இதே செடியின் பெயர் கொ‑ரி‑ய‑தொ‑னோ என்று எழுதப்பட்டிருப்பது தெரிந்தது. கி.மு. 13ஆம் நூற்றாண்டையொட்டிய எழுத்து. கொரியத்னோன் என்ற இந்தப் பழைய வடிவத்தின் ‑அத்னோன் ஈறு, கிரேக்கத்துக்கு முன் அங்கே வழங்கிய ஏதோ மொழியின் சாயலைக் காட்டுகிறது. பெயர் எங்கிருந்தோ வந்தது. பூச்சியைப் பின்னால் அதில் கேட்டார்கள். நம் 'கொத்து', 'மல்லி' நிலைதான் அங்கேயும்.

---

தென்திசை

ஒரு மறுப்பு. எல்லாவற்றையும் ஏன் வடமொழியிலிருந்து தொடங்க வேண்டும்? திராவிட மொழிகள் எல்லாவற்றிலும் கொத்த‑ என்று இருக்கிறது. தெற்கிலிருந்து வடமொழிக்குப் போய், அங்கே ஸகரம் சேர்ந்து குஸ்தும்புரு ஆகியிருக்கக் கூடாதா?

---

வேர்ச்சொல் நாட்டம்

நல்ல கேள்வி, ஏனென்றால் குஸ்தும்புரு வடமொழியின் சொந்தச் சொல் போலவும் தெரியவில்லை. வடமொழி இலக்கணம் எழுதிய பாணினியே அதில் தடுமாற்றம் இருப்பதைக் காட்டுகிறார். அவருடைய 6.1.143ஆம் நூற்பா இந்த ஒரு சொல்லுக்காகவே அமைந்தது: செடியினத்தைக் குறிக்கும்போது குஸ்தும்புரு என்று நடுவில் ஸகரம் வரும். இனப்பெயராக இல்லாமல் 'தாழ்ந்த தும்புருக் காய்கள்' என்று பொருள்படும்போது ஸகரம் இல்லாமல் குதும்புரு. ஒரு செடிப்பெயரின் ஓரெழுத்துக்குத் தனி விதி எழுத வேண்டியிருந்தது என்றால், அந்த எழுத்து அவர்கள் இலக்கணத்திலிருந்து இயல்பாக விளையவில்லை என்று பொருள்.

ஆனால் அது தமிழ்க் கொத்துமல்லியிலிருந்து போனது என்பதற்கு இரண்டு தடைகள். ஒன்று, த்த என்பதற்குள் ஸகரம் புகுவதற்கு ஒழுங்கான காரணம் இல்லை. ஸ்த் தேய்ந்து த்த் ஆவதற்கு நூற்றுக்கணக்கான சான்று உண்டு. இரண்டு, மல்லி என்பதிலிருந்து ம்புரு வராது. பாணினி காலத்திலேயே ம்புரு இருக்கிறது.

மேற்கே பாருங்கள். பழைய மெசொப்பொத்தேமியாவின் அக்காடிய மொழியில் கொத்தமல்லி கிசிபிர்ரு, குசிபிர்ரு. அரபியில் இன்றும் குஸ்பரா. காட்டு வகை எங்கே தோன்றியது என்று செடிநூலார் தேடும் பகுதியும் நடுநிலக்கடலையொட்டிய மேற்காசியாதான். சரக்கோடு பெயரும் பயணம் செய்தது என்று கொண்டால், க‑ஸ‑ப/ம்ப‑ர என்ற எலும்புக்கூடு குசிபிர்ருவிலிருந்து குஸ்தும்புரு வரை தெரிகிறது. இதை நிறுவப்பட்ட உண்மையாக எழுதிவிடாதீர்கள், நடுவில் வரும் தகரத்துக்கு இன்னும் விளக்கம் வேண்டும். அடைவுக்கு "வடமொழி குஸ்தும்பரியோடு உறவுடையது" என்ற அளவே பாதுகாப்பானது.

---

அம்மிக்கல்

பெயரைவிட்டு அடுப்புக்கு வருகிறேன், ஏனென்றால் தொகுப்பாசிரியருக்கு உண்மையில் வரப்போகும் தொல்லை இங்கேதான்.

வழக்கு இப்படி: சென்னையிலும் வடக்கிலும் விதை தனியா, தழை கொத்தமல்லி. மதுரைக்குத் தெற்கேயும் கொங்கிலும் விதையே மல்லி, பொடி மல்லித்தூள், இலை மல்லித்தழை அல்லது மல்லி இலை. சுக்கு மல்லிக் காபி என்பதில் இருப்பது விதை என்று எல்லோருக்கும் தெரியும். அதே ஊர்க்காரர் எழுதிய சட்னிக் குறிப்பில் "மல்லி ஒரு கட்டு" என்றால் அது தழை. ஊரை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது.

வினைச்சொல்லைப் பாருங்கள். ஆய்ந்து, கிள்ளி, அலசி, தூவி என்று வந்தால் தழை. வறுத்து, இடித்து, பொடித்து என்றால் விதை. 'அரைத்து' என்பது இரண்டுக்கும் வரும். அப்போது கூட யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பச்சைமிளகாய், புதினா, தேங்காய், புளி கூட இருந்தால் தழை. மிளகாய் வற்றல், மிளகு, சீரகம், கடலைப்பருப்பு இருந்தால் விதை. அளவும் துப்புக் கொடுக்கும்: கட்டு, கைப்பிடி, கொத்து தழைக்கு, கரண்டி, கிராம், ஆழாக்கு விதைக்கு.

ஒன்றுக்கு ஒன்று மாற்றுப் போட முடியாத காரணம் மணத்தில் இருக்கிறது. இலையின் மணம் ஆல்டிஹைடு வகைச் சேர்மங்கள், அவற்றை ஒத்தவை மூட்டைப்பூச்சியிலும் உண்டு என்பதால்தான் மேலே சொன்ன கிரேக்கக் கதை பிறந்தது. முற்றிய விதையின் எண்ணெயில் பெரும்பங்கு லினலூல் என்ற மணப்பொருள், பெரும்பாலும் 60 சதவீதத்துக்கு மேல். இலையின் மணம் கொதியில் சில நிமிடத்தில் பறந்துவிடும், அதனால் அடுப்பை அணைத்தபின் தூவுகிறோம். விதைக்கு நேர்மாறாக வறுப்போ எண்ணெயோ வேண்டும், பச்சையாகப் பொடித்துக் கடைசியில் தூவினால் மரத்தூள் போல நாக்கில் நிற்கும்.

அளவு மாற்றுகையில் கவனம். தனியா எடை குறைந்த மணி. ஒரு கப் தனியா 80 கிராம் அளவுக்குத்தான் வரும், ஒரு கப் துவரம்பருப்பு அதைப்போல் இரண்டரை மடங்கு. எல்லாப் பொருளுக்கும் "1 கப் = 200 கிராம்" என்று ஒரே கணக்கில் மாற்றினால் சாம்பார்பொடியில் தனியா மலையாகிவிடும். ஒரு மேசைக்கரண்டி முழுத் தனியா 5 கிராம், ஒரு தேக்கரண்டி தூள் ஏறக்குறைய 2 கிராம்.

வறுப்பது சிறு தீயில், 3 முதல் 4 நிமிடம். நிறம் ஒரு படி கூடி, மணம் எழுந்ததும் இறக்கி உடனே வேறு தட்டில் கொட்ட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டில் கருகிக் கசக்கும். மிளகாய் வற்றலோடு சேர்த்து வறுக்கக் கூடாது. மிளகாய் முந்திக் கருகும். முழுக்க ஆறியபின் அரைக்க வேண்டும், சூட்டோடு அரைத்தால் நீராவி படிந்து தூள் கட்டியாகும். உமி திப்பியாக நின்றால் சலித்து மீண்டும் ஓட்டுங்கள், தூக்கிப் போட வேண்டாம். குழம்பைக் கெட்டியாக்குவதில் அந்த உமிக்குப் பங்கு உண்டு.

---

நல்லூர் அடுப்பு

யாழ்ப்பாணப் பக்கத்து வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. இங்கை தனியா எண்ட சொல் புழக்கத்திலை இல்லை. விதைக்கு மல்லி, கொத்தமல்லி. இலையைச் சொல்லவேண்டி வந்தால் மல்லி இலை, கொத்தமல்லி இலை எண்டு 'இலை'யைச் சேர்த்துத்தான் சொல்லுவினம். ஆகவே யாழ்ப்பாணக் குறிப்பிலை வெறுமனே கொத்தமல்லி எண்டு கிடந்தால் விதை எண்டு எடுங்கோ. சென்னைக் குறிப்புக்கு இது நேரெதிர், அதிலைதான் பிழை வரும்.

தடிமன், காய்ச்சலுக்குக் குடிக்கிற மல்லித்தண்ணியும் உங்கட தொகுப்பிலை இருக்கும். அதுக்கும் விதைதான்: 2 மேசைக்கரண்டி கொத்தமல்லியை லேசாக வறுத்து, ஒரு துண்டு வேர்க்கொம்பு தட்டிப் போட்டு, 3 கோப்பைத் தண்ணியிலை அரைவாசியாக வத்தவிட்டு வடிக்கிறது. வேர்க்கொம்பு எண்டது சுக்கு. அடைவிலை அதுக்கும் ஒரு 'காண்க' தேவைப்படும். சிங்களத்திலையும் இந்தக் குடிநீருக்குப் பெயர் கொத்தமல்லிதான்.

---

ஏட்டுச்சுவடி

எல்லோருக்கும் நன்றி. அடைவுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

கொத்தமல்லி: செடியின் பொதுப்பெயர். வடமொழி குஸ்தும்பரி, கன்னடக் கொத்தம்பரி, தெலுங்குக் கொத்திமீரவோடு உறவுடைய சொல். கொத்துமல்லி என்றும் வழங்கும்.
கொத்தமல்லித் தழை: பச்சை இலையும் இளந்தண்டும். தென்மாவட்டங்களில் மல்லித்தழை, யாழ்ப்பாணத்தில் மல்லி இலை.
தனியா: முற்றி உலர்ந்த விதை. தான்யாகம் என்பதிலிருந்து. தென்மாவட்டங்களிலும் கொங்கிலும் யாழ்ப்பாணத்திலும் மல்லி. சித்த மருத்துவத்தில் உருளரிசி.
மல்லி: தனியா காண்க.

குறிப்புகளின் உள்ளே ஊர்வழக்கை அப்படியே விட்டுவிட்டு, பொருள் பட்டியலில் மட்டும் 'தனியா' அல்லது 'கொத்தமல்லித் தழை' என்று ஒரே சீராகப் போடலாம் என்று நினைக்கிறேன்.

---

அம்மிக்கல்

சரியாக இருக்கிறது. இரண்டு திருத்தம். 'மல்லி' என்பதற்குத் தனியாவை மட்டும் காட்டாமல், "தனியா, கொத்தமல்லித் தழை" என்று இரண்டையும் காட்டுங்கள், சட்னிக் குறிப்புகளில் மாட்டிக்கொள்ளும். தனியாத்தூள் என்று வரும் இடங்களில் வறுத்துப் பொடித்ததா, வறுக்காமல் பொடித்ததா என்று பட்டியலிலேயே குறித்துவிடுங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் வறுக்காத தூள், அதை எண்ணெயில் ஒரு நிமிடம் வதக்கியபின்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். வீட்டில் வறுத்து அரைத்த பொடிக்கு அது தேவையில்லை.

---

கரிசல் உழவு

தழைக்கு எழுதியதில் 'வேர் நீக்கி' என்று ஒரு சொல் சேருங்கள். சந்தையில் வேரோடு பிடுங்கித்தான் கட்டுகிறார்கள். ஒரு கட்டு 100 கிராம் என்று எடை போட்டால் மண்ணும் வேரும் நீக்கியபின் கணிசமாகக் குறையும். தண்டை வீசச் சொல்லாதீர்கள், துவையலுக்கு அரைக்க இலையைவிட இளந்தண்டில் மணம் குறைவில்லை.

இன்னொன்று, கேரளத்தையொட்டிய ஊர்களிலிருந்து வந்த குறிப்பில் 'ஆப்பிரிக்க மல்லி' என்று இருந்தால் அதைக் கொத்தமல்லியோடு சேர்த்துவிட வேண்டாம். விளிம்பில் முள்முள்ளாக, நீளமாக, தரையோடு படர்ந்த இலை அது. வேறு பேரினம், பிறப்பிடம் வெப்பமண்டல அமெரிக்கா. மணம் கொத்தமல்லித் தழையை ஒத்திருந்தாலும் பல மடங்கு கடுமை, நிழலில் வளரும், வெயில் காலத்திலும் தாக்குப்பிடிக்கும். தழை கிடைக்காதபோது அதை மாற்றாகப் போடுவதென்றால் கால் பங்கில் தொடங்கிச் சுவை பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். கொதிக்கும் குழம்பிலேயே போடலாம், மணம் எளிதில் போகாது.